போயிட்டு வரும் பெஞ்சு

பெஞ்சின் சங்கதியை இஞ்ஞாசி பதினோரு வருஷமாக நம்பவில்லை. சும்மா இருந்துகொண்டு நம்பாமல் இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் நட்டுகளையும் போல்ட்டுகளையும் அடுக்கிக்கொண்டே, அதை நம்பாமல் இருக்கப் பாடுபட்டார். சொன்னவள் கூடப்பிறந்த அக்கா செசிலி. மீன்காரியிடம் பேரம் பேசும்போதுகூட, நல்ல மீனைப் பழைய மீன் என்று சொல்ல நாக்கு வராதவள். அவள் சொன்னதை நம்பாமல் இருப்பது லேசான காரியம் இல்லை.

பெஞ்சு நடந்தது என்பதில் அவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. நாலு கால் இருக்கிறது, நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும். ஏன் நடந்தது என்று அக்கா சொன்ன இடத்தில்தான் அவருக்குக் கால் இடறியது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், முப்பத்தைந்து வயதில், வெளிநாட்டு வேலைக்கு விசா வந்ததை அக்காவிடம் சொல்லாமல் மறைத்தார். அவள் அதை அடுத்த தெருக்காரர்கள் வாயால் கேள்விப்பட்டாள். அவர் கிளம்பிய காலையில் செசிலி வாசலில் குத்தவைத்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. "அப்போ நான் வாரேன்க்கா" என்றார் இஞ்ஞாசி. அவள் மீனைப் பார்த்தபடியே "போ" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர் கம்பியை இழுத்து வண்டியைக் கிளப்பினார். அந்தப் 'போ'வுக்குப் பின்னால் ஒரு 'யிட்டு வா' இருந்து அதை ஆட்டோச் சத்தம் தின்றுவிட்டதா, அல்லது அவள் 'போ'வோடு நிறுத்திக்கொண்டாளா என்பது அவருக்குத் தெரியாமலே போனது. அதற்கப்புறம் அவர் ஊருக்கு வரவில்லை. முதல் லீவு, பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டதால் போனது. இரண்டாவது லீவை, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று ஒரு மலையாளி கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்றாவது லீவில் இருந்து காரணம் தேடுவதையும் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் போன் பேசுவார். மழை உண்டா, அத்தானுக்கு சுகர் எப்படி இருக்கிறது, இவ்வளவுதான்.

பெஞ்சுக் கதை உண்மையென்றால், இத்தனை வருஷம் அவர் வராமல் இருந்ததற்கு அவர் காரணம் இல்லை, ஒரு சொல்தான் காரணம் என்று ஆகிவிடும். அப்படி ஆவது எவ்வளவு சவுகரியம்! அந்தச் சவுகரியத்தின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். தனக்கு வசதியான எதையும் அவர் சட்டென்று நம்பமாட்டார்.

அக்கா சொன்னது இதுதான்.

தூத்துக்குடியில் சிலுவைக்கோயில் தெருவில் அவர்கள் வீடு. அந்த வீட்டில் இருந்த சாமான் ஒன்றும் செசிலி பார்த்து வாங்கியது இல்லை. கட்டில் மாமியார் காலத்தது, ஒரு காலுக்குப் பதில் இரண்டு செங்கல். பிரம்பு நாற்காலி யாரோ மாற்றலாகிப் போனபோது விட்டுப்போனது, கிழிந்த இடமெல்லாம் வலைக்கயிற்றால் பின்னியது. பீரோவின் கதவு சணலால் கட்டியிருந்தது, திறக்க வேண்டுமென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும். கூடத்துச் சுவரோரம் ஒரு சாய்மானப் பெஞ்சு, பின்னங்கால் ஒன்று கரையான் அரித்துக் குட்டையானது, அதற்கு அடியில் மடித்த அட்டை. கலியாணம் ஆகாத தம்பி இஞ்ஞாசி பதினைந்து வருஷம் படுத்துத் தூங்கியது அந்தப் பெஞ்சில்தான்.

ஐம்பது வயது ஆன அன்றைக்குச் செசிலி, பூசை கண்டு திரும்பும்போது, "இனி எனக்குப் பிடிச்சதுலதான் நான் உக்காருவேன்" என்று புருஷனிடம் சொன்னாள். புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. பழசுதான், ஆனால் தானே தேடிப் பார்த்து, தானே தட்டிப் பார்த்து எடுத்த பழசு. உடைத்த கப்பல்களில் இருந்து கழற்றி வந்த சாமான்களைப் போட்டு விற்கிற மைதீன் பாய் கிடங்குக்கு ஒரு வருஷம் நடந்தாள். முதலில் கட்டில் கிடைத்தது, தூங்குகிறவன் உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் பலகை அடித்த கப்பல் கட்டில்.

"கரையில கெடக்குற வீட்டுக்கு எதுக்குட்டி கப்பல் கட்டிலு? இங்க என்ன அலையா அடிக்கி?" என்றார் புருஷன் தொம்மை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்.

"நீங்க உருளுத உருளலுக்குக் கப்பலே தேவல" என்றாள் செசிலி.

பிறகு மேஜை வந்தது, தட்டு வழுக்கி விழாமல் சுற்றிலும் விளிம்பு வைத்தது. பீரோ வந்தது, எந்தப் புயலிலும் திறந்துகொள்ளாத பித்தளைக் கொக்கியோடு. கடைசியில் அவள் எட்டு மாதமாகக் கண்வைத்திருந்த பச்சை ரெக்சின் சோபா வந்தது. அதன் நாலு பாதத்திலும் கப்பல் தளத்தோடு திருகாணி போட்டு முடுக்கி வைக்க ஓட்டை இருந்தது. "முடுக்காம வச்சா ஓடிராதுல்லா பாய்?" என்று கேட்டாள். "உங்க வீட்ட விட்டு எது ஓடும், நீங்க அப்படி அதட்டுதீங்க" என்றார் மைதீன் பாய்.

வந்தது ஒவ்வொன்றுக்கும் போனது ஒன்று. கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் ரொட்டிக்கடை அடுப்புக்குப் போயின. அவற்றை வண்டியில் ஏற்றிவிட்டது தொம்மை. அவர் யாரையும் எதையும் வாய்விட்டு வழியனுப்புகிற ஆள் இல்லை, கயிறு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். பெஞ்சு போன அன்றைக்கு மட்டும் அவர் சுகர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பெஞ்சைக் கேட்டிருந்தது முக்குக் கடை சலூன்காரர் பேச்சிமுத்து, முடிவெட்ட வருகிறவர்கள் காத்திருந்து உட்கார. அவர் தள்ளுவண்டியில் அதைத் தூக்கி வைத்துக் கட்டி, வண்டியை உருட்டியபோது, வாசலில் நின்ற செசிலி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "சரி, போயிட்டு வா" என்றாள்.

"நான் எதுக்குக்கா திரும்பி வரணும்? சாமான்தான் ஏத்தியாச்சே" என்றார் பேச்சிமுத்து.

"ஒனக்குச் சொல்லலப்பா."

"பெறவு யாருக்கு?"

செசிலி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். வாய் தவறி வந்துவிட்டது. யாருக்கோ சொல்லவென்று வாயில் வைத்திருந்த சொல், கதவு திறந்ததும் வெளியே போய்விட்ட மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் தெருமுனையில் டக், டக், டக், டொக் என்று கேட்டது. மூன்று கால் ஒரு மாதிரியும் குட்டைக்கால் ஒரு மாதிரியும் ஊன்றி, அவசரமில்லாமல், வேலை முடிந்து வருகிறவன் வருகிற மாதிரிப் பெஞ்சு வந்தது. வாசல்வரை வந்து நின்றது.

"ஏட்டி, பெஞ்சு வந்துருக்கு" என்றார் தொம்மை உள்ளே பார்த்து.

"யாரு கொண்டாந்தா?"

"அதுவா வந்துருக்கு."

செசிலி வந்து பார்த்தாள். பலகை இடுக்கெல்லாம் முடி. ஊரில் பாதிப் பேர் தலையில் இருந்து விழுந்தது. "இப்படியே உள்ள வந்தா வீடு பூரா முடியாயிரும்" என்று துடைப்பத்தை எடுத்துவந்து, வாசலில் நிறுத்தியே தட்டி, நாலு காலையும் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டாள். பின்னாலேயே பேச்சிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, நாலு பேரு உக்காந்திருக்காக, மணிச்சத்தம் கேட்டதும் எந்திரிக்கப் பாக்குது. ஆனா மரியாதையில கொறை சொல்ல முடியாது, நாலு பேரையும் மெள்ள எறக்கி விட்டுட்டுத்தான் கெளம்புச்சு."

அவர் அதைத் திரும்பக் கட்டி எடுத்துப்போகக் கயிறு கொண்டுவந்திருந்தார். அதற்குத் தேவை இருக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, சலூன் திறக்கிற நேரத்துக்கு, பெஞ்சு தானே கிளம்பிப் போயிற்று, சாயங்காலம் தானே வந்தது. செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு, அன்றைக்கு அது வீட்டில் கிடந்தது.

தெரு இதைப் பார்த்து மலைத்துப்போய் நின்றது என்றால் இல்லை. அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் கப்பலுக்கும் கடலுக்கும் போய் வருகிறவர்கள். போவதும் வருவதும் அங்கே பேச்சே இல்லை, போனது வராவிட்டால்தான் பேச்சு. ஒரே வாரத்தில் மினிபஸ் டிரைவர் பெஞ்சைக் கண்டால் ஹாரன் அடிப்பதை நிறுத்திக்கொண்டார். நாய்கள் குரைத்துப் பார்த்து அலுத்தன. பெஞ்சு போகிற நேரம் பார்த்துப் பெண்கள் உலை வைத்தார்கள். மூட்டுவலிக்கார சூசையம்மாள் கோயில் முக்குவரை அதில் உட்கார்ந்தே போனாள். அவள் உட்கார்ந்தால் அது இன்னும் மெதுவாக நடந்தது. ஒரு நாள் ஒரு அதிகாரி வந்து, ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நம்பர் வேண்டும் என்றார். "ஓடலய்யா, நடக்குது" என்று தெருவே சொன்னது. அவர் அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சிக்கல் செசிலிக்குத்தான். அவள் ஆசைப்பட்டு எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய சோபா, பெஞ்சு கிடந்த இடத்தில் கிடக்கிறது. பெஞ்சு வந்து அந்த இடத்துக்கு எதிரே நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. கூடமோ ஒரு கட்டுமரம் அகலம். ஐம்பது வயதில் ஒருத்தி முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்கு வாங்கிப்போட்ட வீடு, ஒரு வாய் தவறுதலால் கையைவிட்டுப் போகப் பார்க்கிறது.

எதிர்வீட்டு ரெஜினா வழி சொன்னாள். "நீங்க சொன்ன சொல்லுக்குத்தான அது வருது. நாளைக்குக் காலையில 'போ'ன்னு மட்டும் சொல்லுங்க, தீந்துச்சு சோலி."

தெருவில் ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லவந்தவர்களுக்கு 'போ' என்றதும் நாக்கு தானாக மேலே போய் 'யிட்டு வா' என்று முடித்தது. சொந்த மருமகனை நடுவீட்டில் வைத்துத் திட்டுகிற ரெஜினாவே மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் வரச்சொல்லிவிட்டாள். சாமியாரிடம் போனார்கள். அவர் யோசித்துவிட்டு, "பூசை முடிஞ்சதும் நானே போய் வாங்கன்னுதானம்மா அனுப்புறேன். வெறும் போன்னு சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழம கோயில்ல யாரு இருப்பா?" என்றார்.

கடைசியில் எல்லோரும் செசிலியைப் பார்த்தார்கள். அனுப்பியவள் அவள், நிறுத்தினால் அவள்தான் நிறுத்த வேண்டும்.

"மாட்டேன்" என்றாள் செசிலி.

"ஒத்த எழுத்துதானக்கா."

"ஒத்த எழுத்துதான். அதான் மாட்டேங்கேன்."

அன்றைக்கே அவள் கூடத்தைச் சாணால் அளந்தாள். மேஜையை அடுக்களைப் பக்கம் தள்ளி, சோபாவை ஜன்னலுக்குக் கீழே இழுத்து, பெஞ்சுக்கு அதன் சுவரைத் திரும்பக் கொடுத்தாள். நடுவே நடக்க ஒரு முழம் இடம் மிஞ்சியது. அது முதல் அந்த வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள், வந்த விருந்தாளிகளும் அப்படியே நடந்தார்கள். தொம்மைக்குத் தொப்பை குறைந்தது. செசிலி காலையில் சோபாவில் உட்கார்ந்து டீ குடிப்பாள், எதிரே பெஞ்சு கிளம்பும், "போயிட்டு வா" என்பாள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

தெருவும் தன் வாயைப் பழக்கிக்கொண்டது. பழைய கிரைண்டரையும் சத்தம் போடுகிற ஃபேனையும் ஏற்றிவிடும்போது வீட்டுக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கப்பலுக்குப் போகிறவனுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள், ஒன்று வாசலில், ஒன்று தெருமுனையில், ஆட்டோச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி உரக்க.

இதையெல்லாம் செசிலி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போனில் சொன்னாள், மழையும் சுகரும் சொல்கிற அதே குரலில். இஞ்ஞாசி "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டார். பெஞ்சைக் கொடுத்துவிட்ட குற்ற உணர்ச்சியில் கதை கட்டுகிறாளா, தன்னை ஊருக்கு வரவைக்கச் சொல்கிறாளா, அல்லது வயசாகி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று வாரம் ஒரு சந்தேகம் வைத்திருந்தார். பெருமழை பெய்த வருஷம் ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அவள் வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் கூப்பிட்டாள். "மூணு நாளாச்சு இஞ்ஞாசி, இன்னும் வரல."

"யாருக்கா? அத்தானா?"

"அத்தான் இந்தா கெடக்காரு. பெஞ்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி" என்றாள் அக்கா. "நீ சிரி. வாசல்ல நின்னு பாக்குறவளுக்குத்தான தெரியும்."

நாலாம் நாள் அது வந்துவிட்டதாம். உடம்பெல்லாம் சேறு, சாய்மானத்தில் ஒரு தண்ணிப்பாம்பு. பாம்பைத் தொம்மை தூக்கிப் போட்டார், எதுவும் சொல்லாமல். ஆனால் வாசலில் நின்று பார்க்கிறவள் என்று அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம் இஞ்ஞாசியின் மனசை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் ஸ்டோரில் நட்டை எண்ணும்போதெல்லாம் ஒருத்தி வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐம்பத்துநாலு வயதில் கம்பெனி அவரைப் போதும் என்று அனுப்பியது. அக்கா வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு பழைய சிநேகிதன் மாடியில் அறை ஏற்பாடு செய்துகொண்டு, வழியில் ஒருநாள் எட்டிப் பார்ப்பவர் போல ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிலுவைக்கோயில் தெருவில் வந்து இறங்கினார். செசிலி கதவைத் திறந்தாள். முழுதாக ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"பக்கவாட்டுல வா" என்றாள். "நேரா வந்தா இடிக்கும்."

பெஞ்சு சுவரோரம் கிடந்தது. செவ்வாய்க்கிழமை என்பதால் சும்மா ஒரு பெஞ்சாகத்தான் கிடந்தது. இஞ்ஞாசி அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகுக்குத் தெரிந்தது, எந்தப் பலகையில் ஆணி துருத்தும், எந்த இடத்தில் சரிந்துகொள்ளலாம் என்று. யாரும் பார்க்காதபோது குனிந்து கால்களைப் பார்த்தார். நுனியெல்லாம் தேய்ந்து, தார் ஒட்டி, ஒரு விரிசலில் ஒரு நரைமுடி. தார் எப்படி வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நினைத்துக்கொண்டார். தொம்மை அவரைப் பார்த்து, "எளச்சிட்டீரு மாப்ள" என்றார். அவ்வளவுதான் பேசினார், ஆனால் சாளைக் குழம்பில் துண்டு மீனை எல்லாம் தேடி எடுத்து இவர் இலையில் போட்டார். சாப்பிட்டது விளிம்பு வைத்த மேஜையில். எதுவும் வழுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோ வாசலில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. இஞ்ஞாசி பெட்டியை வெளியே வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்தில் பெஞ்சு சுவரை விட்டு விலகி, சோபாவில் இடிக்காமல் உடம்பை ஒடுக்கி, நிலைப்படியைத் தாண்டியது. முதலில் முன்னங்கால் இரண்டு, பிறகு நல்ல பின்னங்கால், கடைசியாகக் குட்டைக்கால். ஆட்டோக்காரர் வழிவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "போயிட்டு வா" என்றாள் செசிலி, டீ தம்ளரோடு. பெஞ்சு டக், டக், டக், டொக் என்று தெருவில் இறங்கிப் போயிற்று. மினிபஸ் ஒன்று அதன் பின்னால் பொறுமையாக ஊர்ந்தது.

இஞ்ஞாசி அது முக்குத் திரும்புகிறவரை பார்த்தார். பதினோரு வருஷம் பாடுபட்டுச் சேர்த்துவைத்த சந்தேகம் அத்தனையும் அதன் பின்னாலேயே போய்விட, மிச்சம் ஒன்றே ஒன்று மட்டும் வாசலில் நின்றது. அது பெஞ்சைப் பற்றியது இல்லை. இனிமேல் அவர் எந்தக் காரணத்தின் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது, கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வெறும் 'போ' என்ற சொல்தான் காரணம் என்றால் அவள் சொல்லட்டும். இல்லை என்றால், வரச்சொல்லியும் வராதவன் தான்தான் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும், கூடத்தில் நடக்க ஒரு முழம் இடம் இருக்கிறது.

"வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றார் ஆட்டோக்காரரிடம்.

சத்தம் நின்றது. தெரு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை.

"அக்கா," என்றார், "அன்னைக்கு நீ மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தப்ப, 'போ'ன்னு சொன்ன பாரு, அதுக்குப் பெறவு என்ன சொன்ன?"